இரண்டு எலுமிச்சை, ஒரு கரண்டி, ஒரு காலியிடம்

"படத்துக்குப் பக்கத்துல மூச்சு விடாதீங்க, ப்ளீஸ்" என்று வந்தவள் கெஞ்சியபோது, துப்பறிவாளரின் உதவியாளர் பட்டாசுக்குத் தும்மல் பாதி தூரம் வந்துவிட்டிருந்தது.

மீதித் தூரமும் வந்தது. மேஜைமேல் இருந்த படம் எழும்பியது. மின்விசிறியின் காற்றில் அறையை ஒரு சுற்று பார்வையிட்டது. கடைசியில் துப்பறிவாளரின் வழுக்கைத் தலைமேல் பட்டும் படாமலும் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு மெல்லிசான காகிதம். அதன் பக்கத்தில் வெங்காயச் சருகை வைத்தால், சருகு தன்னைத் தேக்குப் பலகை என்று நினைத்துக்கொள்ளும். எதிரில் நிற்பவர் கொஞ்சம் கோபமாக யோசித்தாலே கிழிந்துவிடும் போலிருந்தது.

துப்பறிவாளர் அசையவில்லை. ஊரே அவரை ஆமை என்றுதான் கூப்பிட்டது. கட்டடம் தீப்பற்றி எரிந்தாலும், விளக்கையும் விசிறியையும் அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கண்ணாடியில் ஒரு தடவை மீசையைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். தலையிலிருந்த படத்தை இரண்டு விரலால் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"ரெண்டு எலுமிச்சம்பழம். ஒரு கரண்டி. மடிச்ச துணி ஒண்ணு" என்றார்.

"கொலை எங்க பாஸ்? பழத்தைப் பிழிஞ்சிருக்காங்களா?" என்றாள் பட்டாசு, மூக்கைத் துடைத்துக்கொண்டே. அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் யாரோ, தீக்குச்சி தேவைப்படாத ரகம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

வந்தவள் சிரிக்கவில்லை. பல் கட்டும் லேபில் வேலை பார்ப்பவள். விரல் நுனிகளில் பிளாஸ்டர் மாவு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. காலடியில் ஒரு சூட்கேஸ், ஜிப் வெடிக்கிற அளவுக்கு நிரம்பி நின்றது.

"எங்க மாமியாரோட வெள்ளிக் கெண்டியைக் காணோம். டீ ஊத்துற கெண்டி. அவங்க கல்யாணத்துக்கு அவங்க அப்பா குடுத்தது. ஒரு வாரமா, நான்தான் எடுத்து லேப்ல உருக்கிட்டேன்னு சொல்றாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு அவங்க அக்கா டீ குடிக்க வர்றாங்க. அதுக்குள்ள ஒத்துக்கிட்டு, அந்தப் பெரியத்தை முன்னாடி மன்னிப்புக் கேக்கணுமாம். இல்லைன்னா இந்த சூட்கேஸோட கிளம்பிடணுமாம்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவர் வேலை விஷயமா வெளியூர்ல இருக்கார். என்கிட்ட போன்ல 'நீ அம்மாகிட்ட பேசு'ங்கறார். அம்மாகிட்ட 'நீ அவகிட்ட பேசு'ங்கறார்."

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சையே கட்டிக்கிட்டிருக்கீங்க" என்றாள் பட்டாசு.

"கிளம்புறது எனக்குப் பெரிசில்லை" என்றாள் மருமகள். "திருடின்னு பேர் வாங்கிட்டுக் கிளம்ப மாட்டேன். லேப்ல தங்கம், வெள்ளின்னு என் கையில நம்பிக் குடுக்கிறாங்க. இந்தப் பேர் ஒட்டிக்கிச்சுன்னா யாரு என்னை உள்ள விடுவாங்க?"

ஆமை அதுவரை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைப் பொறுத்தவரை அது ஓட்டப்பந்தயத்துக்குச் சமம்.

"இந்தப் படம்?"

"எங்க மாமனார் வரைஞ்சது. ரிட்டையர் ஆனதுலேருந்து டைனிங் டேபிள்ல இருக்கிறதை வரையிறதுதான் வேலை. இன்னிக்குக் காலையில என் ரூம் கதவுக்கு அடியில இதைத் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டார். என்னன்னு கேட்டா, தலையைக் குனிஞ்சுக்கிட்டார்."

ஆமை படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சாதுவான படம். எலுமிச்சையின் தோலில் சொரசொரப்பு தெரிந்தது. கரண்டியின் குழிவில் ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது. துணியின் மடிப்பில் பென்சில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தது. ஆனால் எல்லாப் பொருளும் ஓர் ஓரமாக ஒதுங்கியிருந்தன, பஸ்ஸில் பெரிய மனிதர் ஒருவருக்கு இடம் விட்டு நெருக்கி உட்கார்ந்தவர்களைப் போல. நடுவில் காலியிடம்.

அந்தக் காலியிடத்தில் வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயய்யோ, பூச்சி அரிச்சிருக்கு" என்றாள் பட்டாசு. "வெள்ளியைத் தேடி வந்த இடத்துல வெள்ளிப்பூச்சி! கேஸ் முடிஞ்சுது பாஸ், டீ சாப்பிடலாம்."

"எங்கெங்க அரிச்சிருக்குன்னு சொல்லு."

"இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்..." பட்டாசு கண்ணை இடுக்கினாள். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக அவள் பேச்சு நின்றது. சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசை கட்டி நின்றன. ஒரு வரிசை தொப்பை போல வளைந்தது. ஒரு பக்கம் கொக்கின் கழுத்தாக நீண்டது. மறுபக்கம் காது போலச் சுருண்டது. உச்சியில் ஒரு குமிழ்.

"கெண்டி!" என்றாள் மருமகள்.

"பூச்சி படம் வரையுமா பாஸ்? அதுவும் இவ்வளவு நல்லா?"

"பூச்சி வரையாது, சாப்பிடும். எலுமிச்சம்பழத்தைத் தொடலை, கரண்டியைத் தொடலை. கெண்டியை மட்டும் ஏன் சாப்பிட்டுது?" ஆமை மருமகள் பக்கம் திரும்பினார். "உங்க மாமனார் பென்சில் கோட்டை எதால அழிப்பார்?"

"ரொட்டியால. இந்தப் பேப்பர்ல ரப்பர் வச்சா கிழிஞ்சிடுமாம். ரொட்டியோட நடுப்பகுதியைப் பிய்ச்சு, உருட்டி, ஒத்தி ஒத்தி எடுப்பார். ரொட்டி வீணாப்போகுதுன்னு அத்தை தினம் சத்தம் போடுவாங்க."

"ரொட்டி கோட்டைத் தின்னுடுச்சு. ஒட்டியிருந்த ரொட்டியைப் பூச்சி தின்னுடுச்சு. நம்ம கண்ணுக்கு அழிஞ்சது, அதுக்கு விருந்து" என்றார் ஆமை. "ஆக, இங்க ஒரு கெண்டி இருந்திருக்கு. அதை வரைஞ்சு, அப்புறம் அழிச்சிருக்கார். இல்லாததை உங்க மாமனார் வரைவாரா?"

"செத்தாலும் மாட்டார். ஒரு தடவை பாதி வரையும்போது நான் தெரியாம ஆப்பிளைச் சாப்பிட்டுட்டேன். இன்னொண்ணு வாங்கி வச்சேன். 'இது வேற ஆப்பிள்'னு சொல்லி மொத்தத்தையும் அழிச்சுட்டார்."

ஆமை படத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த தேதியைக் காட்டினார். "உங்க கல்யாணம் எப்போ?"

மருமகள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "இது கல்யாணத்துக்கு முந்தின மாசம். அப்போ நான் அந்த வீட்டு வாசலைக்கூட மிதிச்சதில்லை! ஆனா அத்தை, கல்யாணத்தன்னிக்குக் கெண்டியைத் தானே தொடைச்சு அலமாரியில வச்சதா சத்தியம் பண்றாங்க."

"சூட்கேஸைத் தூக்கு பட்டாசு."

"இதுக்குள்ள என்ன இருக்கு, ஊர் ஜனத்தோட பல்லா?" என்று முனகிக்கொண்டே தூக்கினாள் பட்டாசு.

மாமியாரின் வீட்டில் எல்லாமே பளபளத்தது. தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். கதவைத் திறந்த மாமியாரும் பளபளப்பாகத்தான் இருந்தார். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பால் திரிந்துபோகும் என்பார்கள். சத்தமாகப் பேசினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

"துப்பறியிறவங்களா? வாங்க, நல்லாப் பாருங்க! தினமும் லேப்ல உலோகத்தை உருக்குறவ இவ! என் கெண்டியைக் காய்ச்சி ஊர்ல உள்ளவன் பல்லுல எல்லாம் அடைச்சிருப்பா!"

"அப்போ ஊரையே வரிசையில நிக்கவச்சு 'ஈ'ன்னு சொல்லச் சொல்லலாம் பாஸ்" என்றாள் பட்டாசு.

டைனிங் டேபிளின் மறுகோடியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு கோப்பை, ஒரு ரொட்டித் துண்டு. அவர் பேச வாயைத் திறப்பதற்குள் வாக்கியத்தை மனைவி முடித்துவிடுவார் என்பதால், கல்யாணமான புதிதிலேயே வாயைப் பென்சிலுக்கு மாற்றிக்கொண்டவர். ஆமையின் கையில் இருந்த படத்தைப் பார்த்ததும் கோப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முயன்றார். கோப்பை சின்னது.

"கெண்டி நல்லா வந்திருக்கு சார்" என்றார் ஆமை, எதிர்நாற்காலியில் உட்கார்ந்து.

"எந்தக் கெண்டி? அதுல கெண்டியே இல்லையே!" என்றார் மாமியார்.

ஆமை படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஓட்டைகளின் வழியே வெயில் வந்து, பளபளத்த டேபிளின் மேல் புள்ளிப் புள்ளியாக ஒரு கெண்டியை வைத்தது. மாமியாரின் கை தன்னிச்சையாக அதை எடுக்கப் போய்ப் பாதியில் நின்றது.

"இவர் வரைய ஆரம்பிச்சப்போ கெண்டி டேபிள்ல இருந்திருக்கு. முடிக்கும்போது இல்லை. அதனால அழிச்சுட்டார். தேதி, உங்க மருமக இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி" என்றார் ஆமை. "சார், நீங்க வரைஞ்சிட்டிருக்கும்போது உங்க மூக்குக்கு முன்னால இருந்த கெண்டி எழுந்து நடந்து போகாது. யார் எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

மாமனார் பென்சிலைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"நான்தான்" என்றார். "நான்தான் எடுத்தேன்."

"மாமா!" என்றாள் மருமகள். அந்த ஒரு சொல்லில் நிம்மதியும் வலியும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளின. ஒரு வாரம் அவள் அழுததைப் பார்த்துக்கொண்டே இந்த மனிதர் எலுமிச்சம்பழம் வரைந்துகொண்டிருந்தாரா?

பட்டாசு விரலைச் சொடுக்கினாள். "ஒத்துக்கிட்டார்! பாஸ், நம்ம சரித்திரத்துலயே வேகமான கேஸ். உங்க உடம்புக்கு ஆகுமா?"

மாமியார் ஒரு பெருமூச்சு விட்டார். ஜன்னல் திரை ஆடியது. "சரி, விடுங்க. பாவம், மறதியில எங்கயாவது வச்சிருப்பார். வீட்டு மனுஷன் எடுத்தா அது திருட்டா என்ன? முடிஞ்சு போச்சு. மருமகளே, நீயும் மனசுல வச்சுக்காதே. அக்கா வர்ற நேரமாச்சு, எல்லாரும் கிளம்புங்க."

ஆமை கிளம்பவில்லை. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்தார்.

"பட்டாசு, ஒரு வாரமா மருமகளை மன்னிக்காதவங்க, புருஷனை ஒரு மூச்சுல மன்னிச்சுட்டாங்களே. உனக்கு எங்கயாவது இடிக்குதா?"

"இடிக்குதாவா? லாரியே ஏறுது பாஸ். எங்க வீட்டுல எங்கப்பா ஒரு டம்ளரை இடம் மாத்தி வச்சாலே அம்மா அறுபதாம் கல்யாணம் வரைக்கும் பேசுவாங்க. இது வெள்ளிக் கெண்டி!"

"சார்" என்று மாமனார் பக்கம் திரும்பினார் ஆமை. குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "கண்ணு முன்னால இல்லாத ஒரு ஆப்பிளை வரைய மாட்டேங்கறீங்க. நடக்காத ஒரு திருட்டை மட்டும் எப்படி சார் சொல்றீங்க?"

மாமனாரின் கண் ஒரு கணம் சமையலறைக் கதவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஆமை ஒரு வழியாக எழுந்தார்.

"திருடன் கெண்டியைத் தூக்கினா கடைத்தெருவுக்குப் போவான். வீட்டுக்காரங்க கெண்டியைத் தூக்கினா எங்க போவாங்க?"

"டீ போட!" என்றாள் மருமகள்.

மாமியார் குறுக்கே பாய்ந்தார். "சமையலறைக்குள்ள வெளியாள் வரக் கூடாது!" ஆனால் பட்டாசு அதற்குள் அவருடைய கைக்கு அடியில் புகுந்து உள்ளே போயிருந்தாள். அவளைத் தொடர்ந்து எல்லோரும் நுழைந்தார்கள். கடைசியாக மாமனார், பென்சிலோடு.

உள்ளே அடுப்பு கண்ணாடியாக மின்னியது. மூன்று பர்னரில் இரண்டு காலியாக இருந்தன. மூன்றாவதன் மேல் ஒரு பெரிய பீங்கான் பூச்சாடி, நிறைய பிளாஸ்டிக் ரோஜாக்களோடு வீற்றிருந்தது.

"அடுப்பு மேல பூச்சாடியா?"

"அழகுக்கு!" என்றார் மாமியார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் குரல் அந்த அறையோடு நின்றது.

"நான் வந்ததுலேருந்து அந்த பர்னர் ரிப்பேர்னு சொல்வாங்க. தொட விட மாட்டாங்க" என்றாள் மருமகள்.

பட்டாசு பூச்சாடியைத் தூக்கப் போனாள். அது அவளைக் கீழே இழுத்தது. "பிளாஸ்டிக் ரோஜாவுக்கு இவ்வளவு கனமா? வேர் விட்டிருக்கும் போல!" பூக்களைக் கொத்தாகப் பிடுங்கிவிட்டு உள்ளே கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு சாம்பல் நிறக் கட்டி, வெயிலில் உட்கார்ந்த வெண்ணெய் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து. அதிலிருந்து கொக்குக் கழுத்து ஒன்று வளைந்து, தன் காலையே பார்த்துக் குனிந்திருந்தது. உச்சியில் குமிழ் மட்டும் சேதாரமில்லாமல் ஜம்மென்று இருந்தது.

பூச்சாடியை நகர்த்திய இடத்தில், பர்னரின் துளைகள் எல்லாம் அதே சாம்பல் நிறத்தில் அடைபட்டுக் கிடந்தன.

"லேப்ல போய் உருக்கணும்னே இல்லை. வீட்டுலயே வசதி இருக்கு" என்றாள் பட்டாசு.

மருமகள் கட்டியை வாங்கினாள். சட்டைப் பையில் இருந்த சாவியால் ஒரு கீறு கீறினாள். மேல்தோல் மெலிதாக உரிந்தது. உள்ளே மங்கலான சாம்பல். அவள் முகத்தில் இருந்த கோபம் கலைந்து வேறு ஏதோ வந்தது.

"அத்தை" என்றாள் மெதுவாக. "வெள்ளி இந்த அடுப்புல உருகாது. நாங்க லேப்ல அதுக்குன்னு தனி நெருப்பு வச்சிருக்கோம். இது வெள்ளீயக் கலவை. மேலதான் வெள்ளிப் பூச்சு."

மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்தார். பளபளப்பு எல்லாம் தரையிலேயே தங்கிவிட்டது.

"டீ ஆறிப்போச்சு" என்றார். "வேற பாத்திரம் தேய்க்கச் சோம்பலா இருந்துது. இவர் வரைஞ்சிட்டிருந்தார், 'ஒரு நிமிஷம்'னு கெண்டியை எடுத்துட்டு வந்து அப்படியே அடுப்புல வச்சேன். போன் வந்தது, பேசிட்டு வந்து பாக்கறேன், மூக்கு தொங்குது. கண்ணெதிர்ல குனியுது, கும்பிடு போடுற மாதிரி! அப்பதான் தெரிஞ்சுது. 'எங்கப்பா வீட்டு வெள்ளி, எங்கப்பா வீட்டு வெள்ளி'ன்னு கல்யாணமான நாள்லேருந்து இவர் குடும்பத்து வாயை அடைச்சிட்டிருக்கேன். எப்படிச் சொல்வேன்? போன வாரம் அக்கா வர்றேன்னதும், கெண்டியில டீ குடுன்னு கேட்டா. பயத்துல திருட்டுப் போச்சுன்னு சொல்லிட்டேன். யாருன்னு கேட்டா. வாயில உன் பேர் வந்துடுச்சு."

"வாயில வந்த பேரு, என் வேலையில போய் உட்கார்ந்திருக்கும் அத்தை."

மாமனார் மருமகளைப் பார்த்தார். பார்த்த பார்வையில் ஒரு மன்னிப்புக் கடிதமே இருந்தது. ஆனால் மன்னிப்பு கேட்க வேண்டியவர் அவர் இல்லை.

வாசலில் மணி அடித்தது.

"அக்கா!" மாமியார் துள்ளி எழுந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உன் கால்ல வேணும்னாலும் விழறேன். கெண்டி கிடைக்கலை, நீ எடுக்கலைன்னு மட்டும் சொல்லிக்கலாம். வெள்ளி இல்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சா சொந்தபந்தம் பூரா சிரிக்கும். எங்கப்பா பேர் போயிடும்."

மருமகள் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒரு கையை விடுவித்து, பட்டாசு கதவோரம் வைத்திருந்த சூட்கேஸின் பிடியைப் பற்றினாள்.

"என் பேரை நீங்க முழுசா எடுத்தீங்க" என்றாள் மருமகள். "பாதியா திருப்பிக் குடுக்காதீங்க அத்தை."

பெரியத்தை உள்ளே நுழைந்தார். தங்கையின் முகத்தையே இன்னும் நான்கு வருடம் நன்றாக மெருகேற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, நேராக மருமகளைப் பார்த்து விரலை நீட்டினார்.

"இவதானா? ஒத்துக்கிட்டாளா?"

மாமியார் மருமகளின் கையில் இருந்த கட்டியை வாங்கி, தன் அக்காவின் முன் நீட்டினார்.

"அவ எடுக்கலைக்கா. நான்தான் அடுப்புல வச்சு உருக்கிட்டேன். தப்பு என்னுது, பழியை அவ மேல போட்டேன். இன்னொண்ணு..." கண்ணை மூடிக்கொண்டார். "அது வெள்ளியே இல்லை. அப்பா நமக்குக் குடுத்தது வெறும் ஈயம்."

மாமனார் மனைவியை, முதல் தடவையாக வரைய ஆசைப்பட்டவர் போலப் பார்த்தார். மருமகள் சூட்கேஸின் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

வெடி எங்கிருந்து கிளம்பும் என்று எல்லோரும் பெரியத்தையைப் பார்த்தார்கள். வெடிக்கவில்லை. பெரியத்தையின் நீட்டிய விரல் மெல்ல மடங்கியது. அவர் கண் கட்டியின் மேல் நிற்கவே இல்லை. சுவரைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது.

"நம்ம அப்பா அப்படிச் செய்வாரா? சும்மா சொல்லாதே" என்றார் பலவீனமாக.

"உன்கிட்டயும் ஒண்ணு இருக்கே அக்கா, அதே ஜோடி. எடுத்துட்டு வா, இவ கீறிப் பாக்கட்டும்."

"என்னுதா? அது... அதுதான் அப்பவே திருட்டுப் போச்சே. எங்க டிரைவர் எடுத்துட்டான். அவனை வேலையை விட்டே அனுப்பினோமே!"

ஆமை பூச்சாடியைப் பார்த்தார். பட்டாசு ஆமையைப் பார்த்தாள். மாமியார் அக்காவைப் பார்த்தார்.

மருமகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், பெரியத்தைக்கு உட்காரத் தேவைப்படும் என்று தெரிந்ததைப் போல.

"பெரியத்தை" என்றாள் மரியாதையாக, "உங்க வீட்டு அடுப்புல எத்தனை பர்னர் எரியுது?"

பெரியத்தை உட்கார்ந்தார்.

"எனக்கு டீ வேண்டாம்" என்றார்.

"டீ இருக்கட்டும்" என்றாள் மருமகள், போனை எடுத்து அவர் முன் வைத்தபடி. "அந்த டிரைவரோட நம்பர் சொல்லுங்க."